அப்பா விட்ட கதையும் சப்டைட்டிலும்

வணக்கம் மேடம், எனக்கு நீடாமங்கலம் பக்கம் கிராமம், இப்ப கும்பகோணத்துல இருக்கேன், வயசு 43. இதுக்கெல்லாமா லெட்டர் போடுவான்னு சிரிக்காதீங்க, பிரச்சனை ஒரு சினிமாவால வந்தது. இண்டியானா ஜோன்ஸ், தொப்பி போட்டுக்கிட்டு புதையல் தேடிப் போற ஹீரோவோட இங்கிலீஷ் படம்.

சின்ன வயசுல பொங்கலுக்கு டெக் (வீடியோ கேசட் போடுற பெட்டி) வாடகைக்கு எடுப்போம், ரஜினி கேசட்டோட கடைக்காரர் ஒரு இங்கிலீஷ் படமும் சேத்துக் குடுப்பாரு, அப்படித்தான் 1981, 84, 89ல வந்த மூணு பார்ட்டும் பாத்தேன். அப்பா எட்டாவதோட நின்னவரு, இங்கிலீஷ் சுத்தமா தெரியாது, ஆனா பக்கத்துல உக்காந்து சீனுக்கு சீன் கதை சொல்லிக்கிட்டே வருவாரு, அத்தனையும் அவரா விட்டதுன்னு காலேஜ் போனப்புறம்தான் தெரிஞ்சுது! மூணாவதுல ஷான் கானரி ஜோன்ஸோட அப்பாவா வருவார்ல, எங்கப்பா கதைல அவரு பெரியப்பா, வரப்புத் தகராறுல பேச்சுவார்த்தை கிடையாது.

அடுத்த பார்ட் வரவே இல்ல. "மேட்டூர் தண்ணி லேட்டானாலும் கடைமடைக்கு வந்துருது, உன் தொப்பிக்காரன் வரலியேடா"ன்னு கேட்டுக்கிட்டே இருப்பாரு. 19 வருஷம் கழிச்சு 2008ல வந்துச்சு, நான் சென்னைல வேலைல இருந்தேன், ஃப்ரெண்ட்ஸோட போயிட்டேன். அணுகுண்டு வெடிக்கிறப்ப ஃப்ரிட்ஜுக்குள்ள பூந்து தப்பிக்கிறாரு, கடைசில வேற்றுகிரகவாசி. அப்பா போன்ல எப்படிடான்னாரு, தண்டம்ப்பா பாக்காதீங்கன்னேன். அவரும் பாக்கல. 2021ல போயிட்டாரு. 2023 ஜூன் கடைசில அஞ்சாவது வந்தப்ப ஊர்ல குறுவை வேலை ஓடிட்டு இருந்துச்சு, நான் தியேட்டர் பக்கமே போகல, இன்னிக்கு வரைக்கும் பாக்கல.

போன மாசம் பையனோட (12 வயசு) பழசெல்லாம் போட்டேன். மூணாவதுல நான் ஏதோ ஞாபகத்துல பெரியப்பான்னு சொல்லிட்டேன், அவன் "இல்லப்பா, சப்டைட்டில்ல ஃபாதர்னு போட்ருக்கான், நீங்க தப்பா சொல்றீங்க"ன்னான். ரிமோட்ட தூக்கி சுவத்துல அடிச்சிட்டேன் மேடம். அதுலேருந்து அவன் என்கூட உக்காரவே மாட்டேங்குறான், எனக்கு விடிகாலை மூணு மணிக்கு முழிப்பு வந்துருது, வீட்டுல ஒரு படத்துக்காக பிள்ளைய இப்படியாங்குறாங்க. எனக்கு என்ன ஆச்சு?

---

தம்பி, உங்க பையன் தப்பா ஒண்ணும் சொல்லல, எழுத்துல இருந்தத படிச்சான், அவ்ளோதான். ஆனா உங்க காதுல அது "தாத்தா சொன்னது பொய்"னு விழுந்துருக்கு. நீங்க அந்தக் கதைய அவன்கிட்ட சொன்னதே இல்லன்னு நினைக்கிறேன், அப்ப அவனுக்கு எப்படித் தெரியும்?

இன்னொண்ணு. லெட்டர்ல நீங்க வேகமா தாண்டிப் போன இடம் அந்த 2008 போன் கால். படம் நல்லாருக்கா இல்லியாங்கிறது உங்கப்பாவுக்கு என்னிக்கு முக்கியமா இருந்துச்சு? ஃப்ரிட்ஜுக்குள்ள ஆளு பூந்தா அதுக்கும் அவரு ஒரு கதை வச்சிருப்பாரு. இது உங்களுக்கும் உள்ளுக்குள்ள தெரியும், அதான் அஞ்சாவத தொடவே முடியல. அந்த மூணாவது படத்துலயே ஆகாயக் கப்பல்ல மகன் நாம பேசினதே இல்லன்னு குறைபடுவான், சரி வந்துட்டேன் இப்ப என்ன பேசணும்னு அப்பா கேப்பாரு, இவனுக்கு ஒண்ணுமே வராது. அப்பாகிட்ட போன்ல ஒரே வரில முடிச்சிட்டு வைக்கிறது நீங்க மட்டும் செஞ்ச குத்தம் இல்ல, சென்னைல வேலை பாத்த டெல்டா பசங்க முக்காவாசி அப்படித்தான் (என் பையனும்தான்).

முதல்ல ரிமோட்டுக்கு பையன்கிட்ட ஸாரி கேளுங்க, தாத்தாவ காரணமா இழுக்காம கேளுங்க. அவனா வந்து உக்காந்தா நாலாவது படத்த போடுங்க, ஆமா அந்த தண்டத்ததான், சவுண்டயும் சப்டைட்டிலயும் ஆஃப் பண்ணிட்டு தாத்தா மாதிரி கதை விடுங்க, பாதில அவனையும் விடச் சொல்லுங்க.

அஞ்சாவதுக்கு அவசரம் வேணாம். அது வந்தப்ப ஜோன்ஸா நடிக்கிற ஹாரிசன் ஃபோர்டுக்கு 80 வயசு, ஸ்பீல்பெர்க் டைரக்ட் பண்ணாத முதல் பார்ட்டும் அதான். மன்னிச்சுக்குங்க, கதைய கொஞ்சம் உடைக்கிறேன்: ஜோன்ஸ் தனியா கிடப்பாரு, மகன் வியட்நாம் போர்ல செத்துருப்பான். தூக்கம் வராத ராத்திரில தனியா அதப் போடாதீங்க, வீட்டுல பக்கத்துல யாராவது இருக்கட்டும்.

மூணு மணி முழிப்பு இன்னும் ரெண்டு வாரம் நிக்கலன்னா தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரில மனநலப் பிரிவு இருக்கு, போய்ப் பாருங்க, இல்ல 14416னு அரசு மனநல உதவி நம்பர் இருக்கு, அதுக்கு போன் பண்ணா தமிழ்லயே பேசுவாங்க, காசு கிடையாது.

அந்த வரப்புத் தகராறு கடைசில எப்படித் தீந்துச்சுன்னு அடுத்த லெட்டர்ல எழுதுங்க, எனக்கே கேக்கணும் போல இருக்கு.