பதியம் போட, அதாவது கிளையை மரத்திலேயே வேர்விட வைத்துப் பிரித்து நட, பட்டையை வளையமாக உரித்தும் கிளை ஏன் வாடுவதில்லை? வேர் ஏன் மேல்வெட்டில் மட்டும் வருகிறது?

நீங்கள் உரித்தது தண்ணீர் ஏறும் வழியை அல்ல, சர்க்கரை இறங்கும் வழியை. கொய்யா, எலுமிச்சை, மாதுளை எல்லாவற்றிலும் தண்ணீர் ஏறுவது உள்ளே இருக்கும் கட்டையில், அதாவது சைலத்தில். அது அப்படியே இருப்பதால் இலை வாடுவதில்லை. இலை தயாரித்த சர்க்கரை போவது பட்டையின் உட்புறமுள்ள புளோயத்தில்.

இலையிலிருந்து சுக்ரோஸ் என்னும் இந்தச் சர்க்கரையைப் புளோயத்தின் சல்லடைக் குழாய்க்குள் ஏற்றிவிடுவதில் துணைச் செல்களுக்குப் பெரிய பங்கு உண்டு. குழாய்ச் செல்லுக்கு உட்கரு கிடையாது. பக்கத்திலிருக்கும் துணைச் செல்தான் அதை உயிரோடு வைத்திருக்கிறது. குழாய்ச்சாற்றில் சர்க்கரை பெரும்பாலும் 10 முதல் 25 சதவீதம் இருக்கும். அந்தச் செறிவு சைலத்திலிருந்து தண்ணீரை இழுப்பதால் இலைப்பக்கம் அழுத்தம் ஏறுகிறது. வேரும் காயும் சர்க்கரையை எடுத்துக்கொள்ளும் இடத்தில் தண்ணீர் வெளியேறி அழுத்தம் குறைகிறது. இந்த வித்தியாசம்தான் சாற்றைத் தள்ளுகிறது, மணிக்குச் சுமார் அரை மீட்டரிலிருந்து ஒரு மீட்டர் வரை. 1930-ல் ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் முன்ச் தந்த விளக்கம் இது. சர்க்கரை கீழே மட்டும்தான் போகும் என்று நினைத்துவிடாதீர்கள். தளிருக்கும் பிஞ்சுக்கும் மேல்நோக்கியும் போகும்.

வளையம் உரித்ததும் சர்க்கரையும், நுனியிலிருந்து இறங்கும், வேர்விடத் தூண்டும் ஹார்மோனான ஆக்சினும் மேல்வெட்டில் தேங்குகின்றன. அங்கே பட்டை உதடுபோல் தடித்து, அதிலிருந்து வேர் விடுகிறது. கீழ்வெட்டுக்கு மேலிருந்து எதுவும் வராததால் அது அப்படியே கிடக்கும். வேர்விடத் தூண்டும் வேர்த்தூளைப் பலர் கீழ்வெட்டிலும் பூசுகிறார்கள், அது வீண். மேல்வெட்டில் பூசினால் போதும்.

பதியம் தவறுவதற்கு நான் முதலில் சந்தேகிப்பது வளையத்தைத்தான். பென்சில் பருமனுள்ள கிளையில் 2 முதல் 3 செ.மீ. அகலம் வேண்டும். பட்டையை எடுத்ததும் கட்டையின்மேல் விரலை வையுங்கள்; வழுவழுவென்று வழுக்கும். அந்த வழுக்கல் கேம்பியம். கத்தியின் முதுகால், விரல் வழுக்காத வரை சுரண்டிவிட வேண்டும். விட்டுவைத்தால் அது புதுப் பட்டையை உண்டாக்கி இரண்டு வெட்டையும் இணைத்துவிடும். சர்க்கரை பழையபடி இறங்கிப் போகும், வேர் வராது. அதற்காகக் கட்டைக்குள் ஆழமாகவும் வெட்டக்கூடாது, தண்ணீர் தடைப்பட்டு நுனி காயும்.

மேல்வெட்டை மூடும்படி, நனைத்துப் பிழிந்த தென்னை நார்க்கழிவை இரண்டு கைப்பிடி வைத்து, பாலித்தீன் சுற்றி இருபுறமும் இறுகக் கட்டுங்கள். வேர் பிடிக்கும் வரை வளையத்துக்கு மேலுள்ள இலைகளைக் கிள்ளாதீர்கள், வேருக்கான சர்க்கரை அங்கிருந்துதான் வருகிறது. வேர் வெளியே தெரிந்து பழுப்பேறிய பிறகு கீழ்வெட்டுக்குக் கீழே அறுத்து, அப்போது பாதி இலையைக் குறைத்துத் தொட்டியில் நட்டு நிழலில் வையுங்கள்.

வாழையிலும் தென்னையிலும் இந்த முறை செல்லாது. அவற்றில் புளோயம் பட்டையாகப் பிரியாமல் சைலத்தோடு சேர்ந்து உள்ளே சிதறிக் கிடக்கிறது. மரத்தின் அடித்தண்டில் மட்டும் முழு வளையம் போட்டுவிடாதீர்கள்: இலை பல மாதம் பச்சையாகவே இருக்கும், வேர் பட்டினியால் செத்துக்கொண்டிருக்கும்.