கல்விக் கடனுடன் கல்லூரியைப் பாதியில் விட்டவர் அமெரிக்க ராணுவத்தில் சேரலாமா?

சேரலாம், கடன் இருப்பது மட்டுமே தடையாகாது. ஆனால் தவணை கட்டாமல் அது வாராக்கடனாகிவிட்டால் நிலைமை வேறு, ஏனெனில் ரகசியத் தகவல்களைக் கையாளும் பணிகளுக்கு ஆளெடுக்கும்போது விண்ணப்பதாரரின் நிதி ஒழுங்கையும் விசாரிக்கிறார்கள். படிப்பை விட்டபின் பெரும்பாலான அரசுக் கல்விக் கடன்களுக்குக் கிடைக்கும் அவகாசம் 6 மாதங்களே என்பதால், சேருவதற்கு முன்பே தவணைத் திட்டத்தை ஒழுங்குபடுத்திக்கொள்வது நல்லது.

"ராணுவமே கடனை அடைத்துவிடும்" என்ற பேச்சு பாதி உண்மைதான். தரைப்படையின் கடன் அடைப்புத் திட்டத்தில் அதிகபட்சம் 65,000 டாலர் வரை செலுத்தப்படலாம் என்றாலும், தகுதியான பிரிவில் சேருபவருக்கே, அதுவும் சேர்க்கை ஒப்பந்தத்தில் எழுத்தில் இடம்பெற்றால் மட்டுமே, அது கிடைக்கும். ஆள்சேர்ப்பு அலுவலரின் வாய்மொழி உறுதி செல்லாது. தனியார் வங்கிக் கடனுக்கு இது பொருந்தாது. செலுத்தப்படும் தொகைக்கு வருமான வரியும் உண்டு. இந்தச் சலுகைக்கு ஈடாக ஆற்றும் சேவைக் காலம், படைவீரர்களுக்கான கல்வி உதவித் திட்டத்தின் தகுதிக் கணக்கில் சேராது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மீண்டும் படிக்க எண்ணுபவருக்கு அந்த உதவியே பெரும்பாலும் கூடுதல் பயன் தரும் என்பது என் கருத்து.

இதற்கிடையே, சேவைக்கு முன் வாங்கிய கடன்களின் வட்டியை, பணியில் இருக்கும் காலத்தில் 6 சதவீதத்துக்கு மேல் போகாமல் 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. தனியார் கடனுக்கும் இது பொருந்தும். பணி ஆணையின் நகலுடன் கடன் கொடுத்தவரிடம் எழுத்தில் கோர வேண்டும்.