ஆஷ் ஏன் மறுபடி நூலகத்துக்குள் போனான்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

அகிமி யோஷிதாவின் 'பனானா ஃபிஷ்' கதையை அனிமே தொடராகப் பார்த்துவிட்டு, அதன் மூலமான மாங்காவின் (ஜப்பானியச் சித்திரக்கதை) 19 தொகுதிகளையும் வாசித்து முடித்தேன். முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. கத்திக்குத்து வாங்கிய நாயகன் ஆஷ், நியூயார்க்கின் நட்டநடுவில், ஆம்புலன்ஸைக் கூப்பிடாமல் நூலகத்துக்குள் போய் உட்கார்ந்து ஜப்பானியப் பையன் எய்ஜியின் கடிதத்தோடு சாகிறான். அவ்வளவு மூளைக்காரன் செய்கிற காரியமா இது? அவனைக் குத்துகிற லாவோவும் எங்கிருந்தோ திடீரென்று முளைக்கிறான். நம்மை அழவைப்பதற்காகவே ஆசிரியர் அவனைக் கொன்றுவிட்டார் என்று தோன்றுகிறது. இன்னொன்று, இவர்களுக்கு நடுவில் இருப்பது நட்பா காதலா என்று நண்பர்களோடு சண்டையே வந்துவிட்டது. கோப்பெருஞ்சோழன், பிசிராந்தையார் மாதிரி என்று நான் சொன்னேன். சிரித்தார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முடிவைப் பேசாமல் இதற்குப் பதில் எழுத வழியில்லை. இனிமேல்தான் வாசிக்கப் போகிறேன் என்பவர்கள் இங்கேயே நின்றுகொள்ளலாம்.

பிசிராந்தையாரை முதலில் முடித்துவிடுகிறேன். சிரிக்க வேண்டிய விஷயம் இல்லை, ஆனால் உவமை பொருந்தவில்லை. முகம் பார்க்காமலே வளர்ந்த நட்பு என்பதுதான் அங்கே பெருமை. இங்கே எல்லாமே கூட இருந்து வந்தது. ஒரே அபார்ட்மென்டில் இருக்கிறார்கள். காலையில் எழுந்திருக்க மாட்டாமல் புரளும் ஆஷை எய்ஜி எழுப்புகிறான். நொதித்த சோயாவான நாட்டோவை அவனைச் சாப்பிட வைக்கப் பார்க்கிறான். தெருவையே நடுங்கவைக்கிற தலைவனுக்குப் பூசணிக்காய் என்றால் பயம் என்று தெரிந்துகொண்டு கேலி செய்கிறான். இந்தச் சில்லறை விஷயங்களை எடுத்துவிட்டால் கடைசித் தொகுதி வெறும் துப்பாக்கிக் கதை.

நட்பா காதலா என்று பெயர் வைப்பதை விட்டுவிட்டு வேறொன்றைப் பின்தொடர்ந்து பாருங்கள். ஆஷ் தன் காவலை எப்போது, யாரிடம் இறக்குகிறான்? முதல் தொகுதியில் தொடங்கி 19 வரை யோஷிதா கணக்கு வைத்திருப்பது இதற்குத்தான் என்பது என் வாசிப்பு. உங்கள் நூலகக் கேள்விக்கும் பதில் அங்கேதான் இருக்கிறது.

இருவரும் சந்திக்கும் காட்சிக்குத் திரும்பப் போங்கள். ஆஷுக்கு 17 வயது, ஒரு தெருக்கும்பலுக்குத் தலைவன். எய்ஜிக்கு 19. ஜப்பானில் இஸுமோவிலிருந்து புகைப்படக்காரர் இபேக்கு உதவியாளனாக வந்தவன். கம்பு ஊன்றி உயரம் தாண்டும் போல் வால்ட் வீரனாக இருந்து, காயத்துக்குப் பிறகு அதை விட்டவன். ஆஷின் இடுப்பில் இருப்பது நிஜத் துப்பாக்கியா, கொஞ்சம் கையில் வாங்கிப் பார்க்கலாமா என்று சாதாரணமாகக் கேட்கிறான். ஆஷ் எடுத்துக் கொடுத்துவிடுகிறான். சுற்றி நிற்பவர்கள் அசந்துபோகிறார்கள். எய்ஜி பார்த்துவிட்டு நன்றி சொல்லித் திருப்பித் தருகிறான். அடுத்து, ஆளைக் கொன்றிருக்கிறாயா என்று கேட்கிறான். ஆமாம் என்று பதில் வருகிறது. இவ்வளவுதான் காட்சி.

துப்பாக்கியைக் கைமாற்றுவது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்பது ஆஷின் பின்கதை தெரியத் தெரியப் புரியும். சிறுவயதிலிருந்து அவனை நெருங்கிய ஒவ்வொருவருக்கும் அவனிடமிருந்து ஏதாவது வேண்டியிருந்தது. மாஃபியா தலைவன் கோல்ஸினேக்கு முதலில் அவன் உடல், பிறகு அவன் மூளை. கும்பலுக்கு அவன் தலைமை. அடைக்கலம் கொடுத்தவர்கள்கூட அதற்கு ஒரு விலை வைத்திருந்தார்கள். எய்ஜி கேட்டது ஒரு நிமிடம் கையில் வைத்துப் பார்க்கத்தான், அதையும் திருப்பிக் கொடுத்துவிட்டான். யோஷிதா இதை எங்கும் விளக்கவில்லை, கட்டங்களைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்.

எய்ஜி ஒரு சுமை, ஆஷ் காப்பாற்றிக்கொண்டே இருக்க வேண்டிய பொம்மை என்று சொல்கிறவர்கள் உண்டு. உங்கள் நண்பர்களில் யாராவது அப்படிச் சொன்னால் சுவர் தாண்டும் காட்சியைக் காட்டுங்கள். ஆஷ், சிறுவன் ஸ்கிப், எய்ஜி மூவரும் அடைபட்டுக் கிடக்கும்போது, கையில் கிடைத்த ஒரு குழாயை ஊன்றி எய்ஜி சுவரைத் தாண்டி வெளியே போய் உதவி கொண்டுவருகிறான். போல் வால்ட் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பைத்தியக்காரத்தனம் என்று தெரியும். போட்டியில் பிடிக்கிற கண்ணாடியிழைக் கம்பு வில்லாக வளையும். ஓடிவந்த வேகத்தை அந்த வளைவில் சேர்த்துவைத்து, நிமிரும்போது ஆளை மேலே தள்ளிவிடும். இரும்புக் குழாய் வளையாது. ஊன்றிய அதிர்ச்சி முழுக்கத் தோளுக்கும் மணிக்கட்டுக்கும் வரும், ஓட்டமும் கைவலுவும்தான் மிச்சம். கீழே மெத்தையும் கிடையாது. காயத்தால் விளையாட்டை விட்டவன் அதைத் தெரிந்தே செய்கிறான். ஆஷ் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறான். தன்னால் போக முடியாத இடத்துக்கு ஒருவன் பறந்துபோனதைப் பார்த்தவனின் முகம் அது. எய்ஜி தன் உலகத்தைச் சேர்ந்தவன் இல்லை, அவனைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்ற எண்ணத்துக்கும், அவன் இங்கேயே இருக்க வேண்டும் என்ற ஆசைக்கும் விதை இந்த ஒரே காட்சிதான். பிறகு வரும் தொகுதிகளில் ஆஷ் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அல்லாடுகிறான். என்றென்றைக்கும் வேண்டாம், இப்போது மட்டும் கூட இரு என்கிறான். என்றென்றைக்கும் இருப்பேன் என்று எய்ஜி சொல்லிவிடுகிறான்.

முத்தத்தைப் பற்றி உங்கள் நண்பர்கள் கட்டாயம் பேசியிருப்பார்கள். 19 தொகுதிகளில் இவர்களுக்குள் ஒரே ஒரு முத்தம், அதுவும் சிறையில் பார்வையாளர் சந்திப்பின்போது. வாய்க்குள் இருந்த மாத்திரைக் குப்பி ஒன்றைக் காவலர் கண்ணில் படாமல் எய்ஜியிடம் சேர்க்கிறான் ஆஷ், உள்ளே ரகசியச் சீட்டு. காதலுக்குச் சாட்சி தேடுகிறவர்கள் இந்தப் பக்கத்தைத் தூக்கிப் பிடிக்கிறார்கள், மறுக்கிறவர்கள் குப்பியைக் காட்டி மறுக்கிறார்கள். வெளியான இடத்தையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். 'பனானா ஃபிஷ்' 1985 முதல் 1994 வரை வந்தது ஷோகாகுகான் நிறுவனத்தின் 'பெஸ்ஸாட்சு ஷோஜோ காமிக்' இதழில். ஷோஜோ என்றால் பெண்பிள்ளைகளுக்கான மாங்கா. ஆண்பிள்ளைகளுக்கு இடையிலான காதலை அந்த வகை இதழ்கள் ஏற்கனவே பார்த்திருந்தன. மோட்டோ ஹாகியோவின் 'தாமஸின் இதயம்' 1974லும், கெய்கோ தாகெமியாவின் 'காற்றும் மரமும் பாடும் பாட்டு' 1976லும் தொடங்கின. இரண்டுமே ஐரோப்பிய விடுதிப் பள்ளிகளில் நடப்பவை. ஆகவே பயந்துபோய் யோஷிதா பூசி மெழுகினார் என்று சொல்வது சரியாக இருக்காது. உடல் நெருக்கம் என்றாலே ஆஷுக்கு வன்முறை என்று ஆகிவிட்ட கதையில், இந்த ஒரு உறவிலாவது அது கேட்கப்படாமல் இருக்கட்டும் என்று அவர் தீர்மானித்திருக்கிறார். அதைக் காதல் என்று சொன்னால் எனக்கு மறுப்பில்லை. வெறும் நட்பு என்பவர்களிடம் மட்டும் கேட்பேன்: அந்த 'வெறும்' எங்கிருந்து வந்தது?

காவலை இறக்குவதற்கு விலை உண்டு, யோஷிதா அதைக் கறாராக வசூலிக்கிறார். ஆஷின் ஆத்ம நண்பன் ஷார்ட்டருக்குப் போதைமருந்து ஏற்றி, எய்ஜியைக் கொல்லும்படி ஏவிவிடுகிறார்கள். எய்ஜியைக் காக்க ஷார்ட்டரைச் சுட வேண்டியவன் ஆஷ்தான். பிறகு சீன மாஃபியாக் குடும்பத்து யூட்-லுங், எய்ஜியின் உயிரை முன்னிறுத்தி, துப்பாக்கியை உன் தலையில் வைத்துச் சுட்டுக்கொள் என்கிறான். ஆஷ் ஒரு கணம்கூடத் தயங்காமல் விசையை இழுக்கிறான். தோட்டா இல்லாத துப்பாக்கி. சோதித்துப் பார்த்த யூட்-லுங்தான் அரண்டுபோகிறான். ஆஷுக்குக் கொலைத்தொழில் கற்றுக்கொடுத்த பிளாங்கா பச்சையாகவே சொல்லிவிடுகிறான், எய்ஜி உன் பலவீனம், விலகு என்று. கடைசியில் எய்ஜி சுடப்பட்டு மருத்துவமனையில் கிடக்க, இனிப் பார்ப்பதே இல்லை என்று ஆஷ் முடிவெடுக்கிறான். காவலை முழுதாக ஏற்றிக்கொண்டுவிட்டான் என்று அர்த்தம்.

இப்போது நூலகம். சைனாடவுன் கும்பலின் தலைவன் சிங் கொண்டுவந்து கொடுத்த எய்ஜியின் கடிதத்தை ஆஷ் பிரிக்கிறான். நாம் வேறு வேறு உலகம் என்று நீ சொன்னாய், தோலும் கண்ணும் பிறந்த நாடும் வேறுதான், ஆனாலும் நாம் நண்பர்கள் என்று எழுதியிருக்கிறான் எய்ஜி. கிளிமஞ்சாரோ உச்சியில் செத்துக்கிடந்த சிறுத்தையைப் பற்றி முன்பு ஆஷ் பேசியதையும் நினைவுபடுத்துகிறான். நீ சிறுத்தை இல்லை, மனிதன், விதியை மாற்றிக்கொள்ளலாம் என்று அப்போதே பதில் சொன்னவன் அவன். என் ஆன்மா எப்போதும் உன்னோடு இருக்கும் என்கிறான். எய்ஜியைப் பார்க்க ஆஷ் எழுந்து ஓடுகிறான். கதை முழுக்கப் பின்னால் வரும் காலடிச் சத்தத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடுகிற ரகம் அவன். அன்றைக்கு மட்டும் எதையும் கவனிக்கவில்லை. சிங்கின் அண்ணன் லாவோ குத்துகிறான். துப்பாக்கியை எடுத்துக் கொடுத்த அதே கைதான் இது, கடிதத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

லாவோ வருவது திடீர்த் திருப்பம் என்ற உங்கள் குறையில் பாதி நியாயம் இருக்கிறது. சிங்கும் ஆஷும் மோதியே தீர வேண்டும் என்ற நிலை முன்பே இருக்கிறது, தம்பியை ஆஷ் கொன்றுவிடுவான் என்ற பயம் லாவோவுக்கு இருக்கிறது, அந்தப் பகை முடிந்தது அவனுக்குத் தெரியாது. இவ்வளவும் கதையில் ஊன்றப்பட்டிருக்கிறது. ஆனால் மெலிதாக. கோல்ஸினேயின் கதை முடிந்த பரபரப்பில் அது வாசகர் கண்ணிலிருந்து நழுவிவிடுகிறது. யோஷிதா இன்னும் நான்கு பக்கம் லாவோவுக்குக் கொடுத்திருக்கலாம்.

மருத்துவமனைக்கு ஏன் போகவில்லை? தற்கொலை என்று ஒரு கட்சி பேசுகிறது. என்னால் அதை ஒப்ப முடியவில்லை. சாக நினைத்தவன் சற்று முன்பு அப்படி எழுந்து ஓடியிருக்க மாட்டான். பிழைத்துவிடலாம் என்று நம்பியதாகவும் வரையப்படவில்லை. கடிதத்தோடு இருக்க வேண்டும், அதுவும் அமைதியான இடத்தில், அவ்வளவுதான் அவனுக்குத் தோன்றியது. நூலகம்தான் அந்தக் கதையில் யாரும் அவனிடம் எதையும் கேட்காத இடம். மேசையில் தலைசாய்ந்து கிடப்பவனைப் பார்த்து, தூங்குகிறான், நல்ல கனவு போலிருக்கிறது என்று நினைக்கிறார் நூலகப் பணியாளர். காலையில் எழுப்ப ஒரு ஆள் தேவைப்பட்டவன் என்பதை நினைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தைப் பாருங்கள்.

அனிமேயை முதலில் பார்த்ததால் உங்களுக்கு ஒரு சிக்கல் கூடுதல். 2018ல் மாப்பா ஸ்டுடியோ தயாரித்த அந்தத் தொடர் கதையை இக்காலத்துக்குக் கொண்டுவந்துவிட்டது. வியட்நாம் போர் ஈராக் போராகி, ஆளாளுக்குக் கையில் ஸ்மார்ட்ஃபோன். ஒரு குறுஞ்செய்தி போதுமே என்ற கேள்வி கடிதத்தின் கனத்தைக் குறைத்துவிடுகிறது. 1980களில் அந்தக் கேள்வியே எழாது. தொகுதிக்கு 180 பக்கம் என்று குறைத்து வைத்தாலும் 3,400 பக்கத்துக்கு மேல், 24 எபிசோடுகளில் அடைத்தால் ஒன்றுக்கு 140 பக்கம் வரும். அடிதடியை வெட்டினால் கதை புரியாது. ஆகவே நாட்டோவும் பூசணிக்காயும்தான் முதலில் ஒல்லியாகின்றன. கட்டிப்போடுகிற விஷயம் சுருங்கிப்போய் மரணம் மட்டும் முழுதாக இருந்தால், அழவைக்கக் கொன்றார்கள் என்றுதான் தோன்றும்.

நீங்கள் 19ஆம் தொகுதியோடு நிறுத்திவிட்டீர்கள் என்று கடிதத்திலிருந்து தெரிகிறது. பக்கக் கதைகள் இருக்கின்றன. ஆஷும் ஷார்ட்டரும் முதலில் சந்திப்பது 'ஏஞ்சல் ஐஸ்', பிளாங்காவோடு 'பிரைவேட் ஒப்பீனியன்'. இவற்றை எந்த வரிசையிலும் படிக்கலாம். 'ஒளியின் தோட்டம்' மட்டும் கடைசியாக இருக்கட்டும், 19ஐ முடித்த அதே நாளில் வேண்டாம். அது ஏழு வருடம் கழித்து நடக்கிறது. எய்ஜி நியூயார்க்கிலேயே புகைப்படக்காரன். முடி வளர்ந்து, கண்ணாடி போட்டு, ஒரு நாயை வளர்த்துக்கொண்டு இருக்கிறான். ஆஷின் படங்களை எடுத்துப் பார்க்கவே முடியவில்லை அவனால். குத்தியது தன் அண்ணன் என்பதால் சிங்குக்கும் நிம்மதி இல்லை. என்றென்றைக்கும் இருப்பேன் என்று அன்று சொன்னவன் அந்த வாக்கை என்ன செய்தான் என்பது அந்தக் கதையில்தான் இருக்கிறது. கண்காட்சியில் அவன் கடைசியில் மாட்டும் ஒரு படம் வரும், அதன் தலைப்பு 'விடியல்'. அதைப் பார்த்துவிட்டு இன்னொரு கடிதம் எழுதுங்கள், லாவோவைப் பற்றி மேலும் சண்டை போடலாம்.