சார்ஜர் அசெம்பிளி போடலாமா?

கேள்வி: பிளாஸ்டிக் மோல்டிங் பட்டறை நடத்துகிறேன். பாகங்களை வரவழைத்து சார்ஜர் அசெம்பிளி தொடங்கலாமா? கிழக்காசியாவில் சிறு பட்டறைகள் எப்படி மின்னணுத் தொழிலில் வளர்ந்தன?

பதில்: அசெம்பிளிக்கு அவசரப்படாதீர்கள். கையில் இருக்கும் மோல்டிங் வேலையிலிருந்தே உள்ளே நுழையலாம்.

கொரியாவில் சாம்சங் போன்ற பெரிய குழுமங்கள்தான் அரசின் ஆதரவோடும் வங்கிக் கடனோடும் இறங்கின. அந்த வழி உங்களுக்கு உதவாது. தைவானைப் பாருங்கள்.

1966-ல் காவ்சியுங் துறைமுகத்தில் ஏற்றுமதி மண்டலம் திறந்தார்கள். வெளிநாட்டு நிறுவனங்கள் தீர்வை கட்டாமல் பாகங்களைக் கொண்டுவந்து, குறைந்த கூலிக்குப் பூட்டி, திரும்பக் கப்பலில் ஏற்றின. பூட்டிய கைகளில் பெரும்பாலானவை இளம்பெண்களுடையவை. பலருக்கு வேலை கிடைத்தது. ஆனால் கூலி உயர்ந்ததும் அந்த மாதிரி ஆர்டர்கள் வேறு நாடுகளுக்கு நகர்ந்தன. வெறும் அசெம்பிளிக்கு எங்கேயும் இதே கதிதான்.

1974-ல் டெர்ரி கோ என்பவர் தைவானின் தலைநகர் தைபே அருகே ஹோன் ஹாய் பட்டறையைத் தொடங்கினார். முதல் சரக்கு, டிவியில் சேனல் மாற்றும் பிளாஸ்டிக் குமிழ். வந்த வருமானத்தை மோல்டுகளை, அதாவது பிளாஸ்டிக்கை வார்க்கும் அச்சுகளை, தானே செய்வதில் போட்டார். அப்புறம் கணினிகளில் கம்பிகளையும் பாகங்களையும் இணைக்கும் கனெக்டர். சின்னப் பொருள்தான்: பிளாஸ்டிக் கூடு, உள்ளே உலோகப் பின்கள். ஆனால் அளவு இம்மியும் பிசகக்கூடாது, ஒவ்வொரு கருவிக்கும் பல வேண்டும், ஒருமுறை ஒப்புதல் கொடுத்த வாடிக்கையாளர் லேசில் ஆளை மாற்றமாட்டார். 1988-ல் ஷென்ஜெனில் தொழிற்சாலை போட்டார். முழுக் கருவிகளைப் பூட்டும் பெரிய ஆர்டர்கள் அதற்குப் பிறகு வந்தவை. இன்று உலகம் அதை ஃபாக்ஸ்கான் என்கிறது.

எனவே, ஏற்கெனவே சார்ஜர் செய்யும் நிறுவனங்களிடம் கூடு, உலோகப் பின்களைத் தாங்கும் துண்டு போன்ற பாகங்களுக்கு ஜாப் ஒர்க் (கூலிக்குச் செய்து கொடுக்கும் வேலை) கேளுங்கள். எளிதில் தீப்பற்றாத தர பிளாஸ்டிக்கில் ஓட்டிப் பழகுங்கள்; அது ஆறும்போது எவ்வளவு சுருங்குகிறது என்று ஒவ்வொரு மோல்டுக்கும் எழுதி வையுங்கள். லாபத்தில் முதல் செலவு, மோல்டுகளைச் செய்யும் டூல் ரூமுக்கு.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். தைவானின் தாவ்யுவானில் அமெரிக்க மின்னணு நிறுவனமான ஆர்சிஏவின் ஆலை பாகங்களைக் கழுவப் பயன்படுத்திய கரைப்பான்கள் நிலத்தடி நீரைக் கெடுத்தன. புற்றுநோய் கண்ட தொழிலாளர்கள் பல ஆண்டுகள் வழக்காடித்தான் இழப்பீடு பெற்றார்கள். பின்னாளில் சால்டரிங், கழுவும் வேலை என்று போனால், புகையை வெளியேற்றும் குழாயையும் கழிவுத் தொட்டியையும் முதல் நாள் திட்டத்திலேயே சேர்த்துவிடுங்கள்.