காய்ச்சலோடு பயணித்த சிக்குன்குனியா: கேள்வி பதில்

கேள்வி: சிக்குன்குனியாவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சில நூறு மீட்டருக்கு மேல் பறக்காது என்கிறார்கள். பிறகு கென்யாவில் கிளம்பிய சிக்குன்குனியா இத்தாலிக்கு எப்படிப் போனது சார்?

பதில்: மனித ரத்தத்தில் ஏறித்தான். 2004-இல் கென்யாவின் லாமு தீவு. மழை பொய்த்து, வீட்டுக்குள் தண்ணீர் பிடித்துவைத்த காலம். 2005-இல் இந்தியப் பெருங்கடலில் உள்ள கொமோரோஸ், அடுத்து ரீயூனியன் தீவு. அங்கே சுமார் 2,66,000 பேர், அதாவது மூன்றில் ஒருவர், காய்ச்சலில் படுத்தார்கள். அதே ஆண்டுக் கடைசியில் இந்தியாவுக்குள் வந்துவிட்டது.

2007 ஜூன் 21 அன்று கேரளத்திலிருந்து ஒருவர் இத்தாலி போய் இறங்கினார். 23-ஆம் தேதி, காஸ்டிலியோனே தி செர்வியா கிராமத்தில் உறவினர் வீட்டில் இருந்தபோது காய்ச்சல் கண்டது. ஜூலை 4 அன்று அந்த உறவினர் படுத்தார். இடைப்பட்ட 11 நாளைப் பாருங்கள்: விருந்தாளியைக் கடித்த கொசுவுக்குள் வைரஸ் பெருகச் சில நாள், அது உறவினரைக் கடித்தபின் காய்ச்சல் வர இன்னும் சில நாள். செப்டம்பருக்குள் 200 பேரைத் தாண்டியது.

கேள்வி: இதை முக்கியமாகப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி வகைக் கொசு இத்தாலியில் இல்லையே?

பதில்: இல்லை, ஏடிஸ் இனத்திலேயே இன்னொரு வகையான புலிக்கொசு (ஏடிஸ் அல்போபிக்டஸ்) இருந்தது. வைரஸின் வெளியுறையில் உள்ள ஈ1 புரதத்தில் 226-ஆம் இடத்தில் அலனின் என்ற அமினோ அமிலம் போய் வாலின் என்ற இன்னொன்று வந்த ஒரே மாற்றம், அதைப் புலிக்கொசுவுக்குள் எளிதாகப் பெருக வைத்தது. ரீயூனியனிலும் கேரளத்திலும் இதே கதைதான். கேரளத்தில் ரப்பர் பால் பிடிக்கும் சிரட்டைகளில் தேங்கிய மழைநீர் அந்தக் கொசுவுக்குத் தொட்டிலானது.

கேள்வி: விமானத்தில் மருந்து அடிக்கிறார்கள், வாசலில் சூடு பார்க்கிறார்கள். போதாதா?

பதில்: மருந்து கொசுவைக் கொல்லும், பயணியின் ரத்தத்தைத் தொடாது. இதே கொசுக்கள் பரப்பும் டெங்குவைப் பாருங்கள்: தொற்றியவர்களில் நான்கில் மூன்று பேருக்கு அறிகுறியே இராது. சூடு பார்க்கும் கருவி அவர்களை எப்படிப் பிடிக்கும்?

கேள்வி: ஊரிலிருந்து வந்த மகனுக்குக் காய்ச்சல். வீட்டில் என்ன செய்வது ஐயா?

பதில்: முதல் 7 நாள் அவரைக் கொசு கடிக்கவே கூடாது. ஏடிஸ் பகலில் கடிப்பது. ஆகவே பகலிலும் வலைக்குள் படுக்கட்டும், வெளியே வந்தால் 20 முதல் 30 சதவீத டீட் (கொசுவை விரட்டும் மருந்து) உள்ள களிம்பு பூசட்டும். டெங்கு இல்லை என்று தெரியும்வரை பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் ரத்தக்கசிவைக் கூட்டும். எங்கே போய் வந்தார் என்பதை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். காய்ச்சல் வந்த முதல் 5 நாளுக்குள் என்றால் வைரஸையே தேடும் ரத்தப் பரிசோதனை: பிசிஆர், அல்லது டெங்குவுக்கு என்எஸ்1. அதற்குப் பின்தான் உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் ஐஜிஎம் பரிசோதனை பலன் தரும். முந்தி எடுத்து ‘நெகட்டிவ்’ என்று நிம்மதியடைவது அடிக்கடி நடக்கும் தவறு.

வாரம் ஒருமுறை ஃபிரிட்ஜ் பின்தட்டு, பூந்தொட்டித் தட்டு, டிரம் எல்லாவற்றையும் கொட்டி, உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். கொட்டினால் மட்டும் போதாது. விளிம்பில் ஒட்டிய முட்டை காய்ந்தும் பல மாதம் உயிரோடிருக்கும், தண்ணீர் பட்டதும் பொரிக்கும். தெருவில் அடிக்கும் புகை பறக்கும் கொசுவைத்தான் கொல்லும், புழுவை அல்ல.

கேள்வி: ஜப்பானிய மூளைக்காய்ச்சலும் பயணிகள் வழியே பரவுமா?

பதில்: பரவாது. மனித ரத்தத்தில் அந்த வைரஸ் கொசுவுக்குத் தொற்றும் அளவு பெருகாது. அது பன்றி, நீர்ப்பறவைகள் வழியே சுற்றுவது.