ரோமில் கோவிலை இடித்துத்தான் தேவாலயம் கட்டினார்களா?

கேள்வி: மே மாதம் மனைவி, எட்டு வயது மகளுடன் ரோம் போகிறேன். கையில் மூன்று நாள். பழைய தெய்வங்களின் கோவில்களை இடித்து, அவற்றின் மேல்தான் தேவாலயங்களைக் கட்டினார்கள் என்று படித்தேன். எவ்வளவு உண்மை? நேரில் பார்க்க எங்கே போகலாம்?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: வேறு ஊர்களில் உண்மை, ரோமில் பெரும்பாலும் இல்லை. எகிப்தின் அலெக்சாண்ட்ரியாவில் செராபிஸ் என்ற தெய்வத்தின் கோவிலை கி.பி. 391 வாக்கில் கூட்டமாகப் புகுந்து இடித்தார்கள். காசாவில் மார்னாஸ் என்ற தெய்வத்தின் கோவில் அழிக்கப்பட்டு, அதே இடத்தில் தேவாலயம் எழுந்தது. இந்தக் கதைகள்தான் எல்லா ஊருக்கும் பொதுவாகிவிட்டன.

ரோமில், கிறிஸ்தவத்தை ஆதரித்த முதல் பேரரசர் கான்ஸ்டன்டைன் கட்டிய முதல் பெரிய ஆலயமான லாத்தரன், அரியணைப் போட்டியில் அவருடைய எதிரியின் பக்கம் நின்ற குதிரைப்படையின் பாசறை மேல் எழுந்தது. புனித பேதுரு ஆலயம் இடுகாட்டின் மேல். இரண்டுமே நகரின் ஓரம். கோவில்கள் நெருங்கிக் கிடந்த நடு ஊரில் அவர் கைவைக்கவில்லை. பழைய மதத்தை விடாத செனட் குடும்பங்களைச் சீண்ட அவருக்கு மனமில்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

இன்னொரு காரணம், கட்டட அமைப்பு. ரோமானியக் கோவிலின் உள்ளே தெய்வச் சிலைக்குக் கருவறை. பலியும் கூட்டமும் வெளியே, திறந்தவெளிப் பீடத்தருகே. கிறிஸ்தவர்களுக்கோ எல்லோரும் உள்ளே கூடி நிற்க நீண்ட மண்டபம் வேண்டும். எனவே வழக்கும் வியாபாரமும் நடந்த பசிலிக்கா மண்டபத்தையே மாதிரியாக எடுத்துக்கொண்டார்கள். அப்புறம், கோவில் என்றால் பேய் குடியிருக்கும் இடம் என்ற பயம் வேறு.

391-இல் பேரரசர் தியோடோசியஸ் பலிகளையும் கோவில் வழிபாட்டையும் தடைசெய்தார். ஆனால் 399-இல் வந்த ஒரு சட்டம், பலிதான் கூடாது, பொதுக் கட்டடங்களின் அலங்காரங்களைச் சிதைக்காதீர்கள் என்கிறது. ரோமில் பழைய கட்டடங்களைத் தின்றதில், வேறு கட்டடங்களுக்காகக் கல்லைப் பெயர்த்துச் செல்லும் கல் வேட்டைக்குப் பெரும் பங்கு உண்டு. அதைத் தடுக்க 458-இல் பேரரசர் மயோரியன் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது.

சரி, எங்கே போவது?

முதலில் பாந்தியன். 2-ஆம் நூற்றாண்டில் பேரரசர் ஹேட்ரியன் காலத்தில் எழுந்த கோவில். 609-இல்தான் போப் நான்காம் போனிபாஸ் அதைத் தேவாலயமாக்கினார், அதுவும் பேரரசர் ஃபோகாஸிடம் கேட்டு வாங்கி. தடைச் சட்டத்துக்கும் இதற்கும் இடையே 218 ஆண்டுகள்! கூரை நடுவிலுள்ள வட்டத் திறப்பு வழியாக மழை உள்ளேயே விழும். அந்தத் தண்ணீர் வடிவதற்கான துளைகளைத் தரையில் கண்டுபிடிக்கும் வேலையை மகளிடம் கொடுங்கள்.

அரை நாளை சான் கிளெமெந்தேக்கு ஒதுக்குங்கள். கொலோசியத்திலிருந்து பொடிநடை தூரம். மேலே இருப்பது 12-ஆம் நூற்றாண்டுத் தேவாலயம். படியிறங்கினால் 4-ஆம் நூற்றாண்டுத் தேவாலயம். இன்னும் இறங்கினால், ரோமானியர் சிறு குழுக்களாக ரகசியமாக வணங்கிய மித்ராஸ் என்ற தெய்வத்தின் வழிபாட்டு அறை: தாழ்ந்த வளைகூரை, இருபக்கமும் கல் திண்ணை, நடுவே மித்ராஸ் காளையைக் கொல்லும் சிற்பம் செதுக்கிய பீடம். எங்கோ தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். 'கோவில் மேல் தேவாலயம்' என்பதற்கு இதைத்தான் எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். ஆனால் கீழே நின்று சுவர்களைக் கவனியுங்கள். அங்கே இருப்பவை குறுகிய சந்து பிரிக்கும் இரண்டு கட்டடங்கள். தேவாலயத்தின் பெரும்பகுதி பக்கத்துக் கட்டடத்தின் மேல்தான் நிற்கிறது. பலிபீடம் இருக்கும் அரைவட்ட முனை மட்டும் மித்ராஸ் அறைப்பக்கம் நீள்கிறது.

பழைய ரோமின் மையச் சதுக்கமான ஃபோரத்தில் நேரம் கிடைத்தால், பேரரசர் அன்டோனினஸ், அவர் மனைவி ஃபவுஸ்டினா பெயரிலான கோவிலைப் பாருங்கள். தேவாலயமாக மாறியதால் தப்பிய கோவில் அது. அதன் வாசல் கதவு அந்தரத்தில் தொங்குவதுபோல் இருக்கும். ஒரு காலத்தில் மண் அந்த உயரம் வரை மூடியிருந்தது. பிறகு அகழ்ந்ததில் தரை கீழே போய்விட்டது, கதவு அங்கேயே நின்றுவிட்டது.

கடைசியாக, புனித பேதுரு பேராலயத்துக்கு அடியிலுள்ள பழைய இடுகாடு. அங்கே ஒரு சின்னக் கல்லறையின் கூரையில், சூரியதேவனைப் போலத் தலையைச் சுற்றிக் கதிர்களோடு தேரில் வரும் கிறிஸ்துவின் மொசைக் இருக்கிறது. இரண்டு மதங்களின் உறவைக் காட்ட இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. ஆனால் மிகச் சிலரையே உள்ளே விடுகிறார்கள். பல வாரங்கள் முன்னதாகவே வத்திக்கானின் அகழ்வாய்வு அலுவலகத்துக்கு எழுதிப் பதிவு செய்யுங்கள். சிறு பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை என்பதால், நீங்களும் மனைவியும் தனித்தனி நேரத்துக்குக் கேளுங்கள்.