கால் சென்டரில் முதல் சில மாதங்கள்: கடலோர வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

இராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து சென்னைக்கும் மதுரைக்கும் சென்று கால் சென்டர்களில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். புதியவர்களுக்குப் பல ஆண்டுகளாகப் பயிற்சி அளித்து வரும் அனுபவத்தில் ஒன்றை உறுதியாகச் சொல்வேன்: சரளமாகப் பேசுபவர்களைக் காட்டிலும், முழுவதும் கேட்டுச் சரியாகக் குறித்துக்கொள்பவர்களே இந்த வேலையில் நிலைக்கிறார்கள்.

பிராட்பேண்ட் சேவையின் தமிழ்ப் பிரிவில் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. அழைப்பவர்கள் கத்தினால் கை நடுங்குகிறது; அழைப்பு முடிந்ததும் அழுதுவிடுகிறேன். இந்த வேலை எனக்கு ஒத்துவராதோ? (வாசகி, மண்டபம்)

ஒரு மாதத்தில் அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள், அம்மா. உங்களிடம் வந்து சேரும் மனிதர் அதற்கு முன்பே எண்களை மாற்றி மாற்றி அழுத்தி, பாட்டைக் கேட்டுக் காத்திருந்து, பல நேரங்களில் ஏற்கெனவே புகார் கொடுத்தும் பலன் இல்லாமல் வருகிறார். நீங்கள் வணக்கம் சொல்வதற்கு முன்பே அந்தக் கோபம் முற்றியிருக்கிறது.

முதல் அரை நிமிடம் குறுக்கிடாதீர்கள். அவர் மூச்சு வாங்குவதற்குள், பயிற்சியில் மனப்பாடம் செய்த 'சிரமத்திற்கு வருந்துகிறோம்' என்பதை ஒப்பிப்பது எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்ப்பதாகவே முடியும். "மூணு நாளா நெட் இல்லை, ஆள் அனுப்புறேன்னு சொன்னீங்க, யாருமே வரலை, நாளைக்குப் பிள்ளைக்கு ஆன்லைன் பரீட்சை" என்று அவர் பொரிந்து தள்ளும்போதே மூன்று நாள், முந்தைய புகார், ஆள் வரவில்லை, நாளை தேர்வு என்று நான்கையும் திரையில் தட்டிவிடுங்கள். அவர் நிறுத்தியதும், "ஐயா, மூன்று நாளாக இணைப்பு இல்லை, ஆள் வருவதாகச் சொல்லியும் வரவில்லை, நாளைக்குப் பிள்ளைக்குத் தேர்வு. நான் புரிந்துகொண்டது சரிதானே?" என்று கேளுங்கள். பெரும்பாலான குரல்கள் அந்த இடத்தில் தணிந்துவிடும். தாம் சொன்னதை ஒருவர் முழுதாகக் கேட்டிருக்கிறார் என்பது அவருக்குத் தெரிந்துவிடுகிறது.

அதன்பின் திரையில் இருப்பதை மட்டுமே சொல்லுங்கள். நாளைக் காலைக்குத்தான் ஆள் ஒதுக்கப்பட்டிருக்கிறார் என்றால், பயந்துபோய் 'இன்றே வருவார்' என்று சொல்லிவிடக் கூடாது. அந்த வாக்குறுதி இன்றைய அழைப்பை முடித்துவைக்கும். நாளை அதே மனிதர் உங்கள் பக்கத்து இருக்கைத் தோழியிடம் இருமடங்கு கோபத்தோடு வருவார். ஹோல்டில் வைப்பதானால் எத்தனை நிமிடம் என்று சொல்லிவிட்டு, விடை கிடைக்காவிட்டாலும் அந்த நேரத்திற்குள் திரும்பி வந்து பேசுங்கள். மியூட் பொத்தானை நம்பி எதையும் முணுமுணுக்க வேண்டாம்.

கெட்ட வார்த்தையைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. எத்தனை முறை எச்சரித்த பிறகு அழைப்பை மேலதிகாரிக்கு மாற்றலாம், எப்போது துண்டிக்கலாம் என்ற விதியை உங்கள் டீம் லீடரிடம் மின்னஞ்சலிலேயே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விதி தெரியாமல் நீங்களாகத் துண்டித்தால் தவறு உங்கள் மேல் வந்து சேரும். அப்படிப்பட்ட அழைப்பு முடிந்ததும், அடுத்ததை எடுப்பதற்கு முன் இரண்டு நிமிடம் அனுமதி கேட்டு எழுந்து சென்று தண்ணீர் குடியுங்கள். விடுமுறை நாளிலும் அந்த நடுக்கம் தொடர்ந்து, தூக்கமும் சாப்பாடும் கெட்டால் தயங்காமல் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் (அரசின் மனநல ஆலோசனைச் சேவை) பேசுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

ஒரு அழைப்பை ஆறு நிமிடத்தில் முடிக்கச் சொல்கிறார்கள். எனக்கு ஒன்பது நிமிடம் ஆகிறது. (வாசகர், கீழக்கரை)

பேசும் நேரம், ஹோல்டு நேரம், அழைப்புக்குப் பின் குறிப்பு எழுதும் நேரம் ஆகிய மூன்றும் சேர்ந்ததே ஏ.எச்.டி., அதாவது ஓர் அழைப்புக்கு ஆகும் சராசரி நேரம், என்னும் கணக்கு. இவற்றில் எது உங்களுக்கு நீள்கிறது என்பதை அறிக்கையில் பிரித்துக் காட்டும்படி கேளுங்கள். புதியவர்களுக்குப் பெரும்பாலும் பின்னிரண்டும்தான் நீளும்: விடை எந்தத் திரையில் இருக்கிறது என்று தெரியாததால் ஹோல்டும், அழைப்பு முடிந்த பிறகு எழுதத் தொடங்குவதால் குறிப்பு நேரமும் கூடிவிடுகின்றன. அடிக்கடி வரும் பத்துச் சிக்கல்களுக்கு எந்தத் திரை, எந்தப் பொத்தான் என்று ஒரு தாளில் எழுதிப் படித்துக்கொள்ளுங்கள். மேசையில் தாள் வைக்க அனுமதி இல்லாத இடமானால் வீட்டிலேயே மனப்பாடம் செய்யுங்கள். நேரத்தைக் குறைப்பதற்காக வாடிக்கையாளரை வேறு பிரிவுக்குத் தள்ளிவிடும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். மீண்டும் வரும் அழைப்புகளையும் அவர்கள் கணக்கெடுக்கிறார்கள்.

மகள் சென்னையில் அமெரிக்க நிறுவனத்துக்காக இரவு ஷிப்டு பார்க்கிறாள். உடம்பு கெட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. (ஒரு தாய், பாம்பன்)

நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் நமக்குக் கோடையில் மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. அங்கே மார்ச் இரண்டாவது ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் கடிகாரத்தை மாற்றுவதால், அந்த வாரங்களில் ஷிப்டு ஒரு மணி நேரம் நகரக்கூடும். இரவெல்லாம் கடலில் கிடந்து விடிந்து கரை திரும்புபவர்கள் பகலில் உறங்கும் வீடுகள் உங்கள் ஊரில் எத்தனையோ உண்டு. அந்த வீடுகள் காக்கும் அமைதியை உங்கள் மகளின் விடுதி அறையிலும் ஏற்படுத்த வேண்டும். கெட்டித் திரை, ஒரே தூக்க நேரம், ஷிப்டின் பின்பாதியில் காபி கூடாது என்ற மூன்றும் போதும். வார விடுமுறைக்கு சேது எக்ஸ்பிரஸில் ஊருக்கு வரும்போது, விடியற்காலையிலேயே எழுப்பி உறவினர் வீடுகளுக்கு அழைத்துச் செல்லாதீர்கள், அம்மா. அந்த இரண்டு நாளில் உடம்பு தலைகீழாக மாறினால் திங்கட்கிழமை மிகவும் சிரமப்படுவாள்.

தமிழ்நாட்டில் இரவு 8 மணிக்கு மேல் பெண்களைப் பணியில் அமர்த்த அவர்களின் எழுத்துப்பூர்வமான சம்மதமும் தகுந்த பாதுகாப்பும் தேவை. வீடு வரை கேப் வருகிறதா, தெருமுனையோடு நின்றுவிடுகிறதா என்று மகளிடம் கேளுங்கள்.

என் பேச்சில் ஊர் வாடை வீசுகிறது என்கிறார்கள். (வாசகர், தொண்டி)

அதை முழுதாகத் துடைத்தெறியத் தேவையில்லை. கோவையிலிருந்து பேசுபவருக்கும் வடசென்னையிலிருந்து பேசுபவருக்கும் புரிந்தால் போதும். அதற்கு வேகத்தைக் குறையுங்கள், வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விழுங்காதீர்கள், எண்களை இரண்டிரண்டாகப் பிரித்துச் சொல்லுங்கள்.

18,000 ரூபாய் என்று சொல்லி எடுத்தார்கள். கைக்கு 14,000 கூட வரவில்லை. மீன்பிடித் தடைக்காலத்தில் வீடே என் சம்பளத்தை நம்பித்தான் இருக்கிறது. (வாசகர், இராமேஸ்வரம்)

அவர்கள் சொன்ன தொகையில் நிறுவனம் செலுத்தும் பி.எஃப். பங்கும் பிறவும் சேர்ந்திருக்கலாம். மொத்தச் சம்பளம் 15,000, அதில் அடிப்படை 9,000 என்று வைத்துக்கொண்டால், 12 சதவீத பி.எஃப். 1,080 ரூபாயும், மொத்தத்தில் 0.75 சதவீத ஈ.எஸ்.ஐ. (மருத்துவக் காப்பீடு) 113 ரூபாயும் போக 13,807 ரூபாய் கைக்கு வரும். சம்பளச் சீட்டை வைத்து வரிவரியாகச் சரிபாருங்கள். ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள் என்றால் அட்டை எண்ணைக் கேட்டு வாங்கி, பெற்றோரின் பெயரையும் சேர்க்க முடியுமா என்று பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலச் செலவை இன்சென்டிவ் தொகையை நம்பித் திட்டமிட வேண்டாம். புதியவர்களுக்கு அது மாதாமாதம் கிடைக்கும் என்று சொல்வதற்கில்லை.

தாய்லாந்தில் கால் சென்டர் வேலை, மாதம் ஒரு லட்சம் என்று ஏஜென்ட் ஒருவர் சொல்கிறார். போகலாமா? (வாசகர், தேவிபட்டினம்)

போகாதீர்கள். வளைகுடாவுக்குப் போய்வந்த அனுபவம் உள்ள நம் பகுதியில் வெளிநாட்டு வேலை என்றால் எளிதில் நம்பிவிடுகிறோம். இந்த ஆசை காட்டி அழைத்துச் செல்லப்பட்ட பலர் எல்லை கடத்தப்பட்டு, மியான்மரின் மியாவாடி பகுதியில் இணைய மோசடி செய்யும்படி அடைத்துவைக்கப்பட்டார்கள். 2025 மார்ச்சில் மட்டும் 549 இந்தியர்கள் விமானப்படை விமானங்களில் மீட்டு வரப்பட்டார்கள். தட்டச்சு வேகத்தை மட்டும் பார்த்துவிட்டு லட்ச ரூபாய் தருவதும், சுற்றுலாப் பயணியாகப் போகச் சொல்வதும், இறங்கிய பின் ஒப்பந்தம் தருவதாகச் சொல்வதும் அபாய அறிகுறிகள். எந்த நாட்டு வேலையானாலும், ஏஜென்டின் பதிவு எண்ணை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபாருங்கள். பதிவு பெற்றவர்கூட 30,000 ரூபாய்க்கும் அதற்குரிய ஜி.எஸ்.டி.க்கும் மேல் கட்டணம் வாங்க முடியாது. ஏற்கெனவே இணையவழியில் பணம் அனுப்பியிருந்தால் இன்றே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். பணம் அனுப்பிய சான்றுகளையும் அவருடனான வாட்ஸ்அப் உரையாடலையும் அழித்துவிடாமல் வைத்திருங்கள்.